‘நோக்கியவர்’ என்ற கட்டம்

வானாய்வு நிலையத்தின் அளவு அறையில் முப்பத்தோரு வருஷமாக வேலை பார்க்கும் அந்த அம்மாளுக்கு ஊழியர்கள் வைத்த பேர் சோப்பம்மா. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை கை கழுவுகிறவளுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? கதவின் கைப்பிடியைத் தொட்டால் கழுவுவாள். தபால் உறையைத் தொட்டால் கழுவுவாள். யாராவது ஆசையாகக் கைகொடுத்துவிட்டால், முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு நேராகக் குழாயடிக்குப் போவாள். வானத்தைப் படம்பிடித்த கண்ணாடித் தட்டுகளைக் கையாளுகிறவளுக்குச் சுத்தம் வேண்டும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு விரல் ரேகை விழுந்தால் நூறு நட்சத்திரம் மறைந்துபோகும். ஆனால் அவளுடைய சுத்தம் கண்ணாடியோடு நிற்கவில்லை. மனுஷர்களைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும்.

அதிலும் இரண்டு பேர் அவளுக்கு ஆகவே ஆகாது. ஒருவர் இரவில் தட்டு எடுக்கும் உதவியாளர். ராத்திரியெல்லாம் விழித்திருப்பதால் ஆந்தை என்று பேர். ஒன்பது வருஷத்துக்கு முன்பே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இன்னொருவர் இப்போதைய இயக்குநர். ஆந்தையின் நாற்றம் அவளுக்கு ஆகாது, இயக்குநரின் பேச்சு ஆகாது.

அந்தத் திங்கட்கிழமை காலையில் இயக்குநர் வாயெல்லாம் பல்லாக அளவு அறைக்குள் வந்தார். கையில் ஒரு கடிதம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த நிலையத்தின் தட்டில் தென்பட்ட சிறுகோளுக்கு நிரந்தர எண் கிடைத்துவிட்டதாம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிற லட்சக்கணக்கான பாறைகளில் அதுவும் ஒன்று, அகலம் ஐந்தாறு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். இப்படிப்பட்ட கல்லின் பாதை சந்தேகமறத் தெரிந்த பிறகுதான் அதற்கு எண் தருவார்கள். எண் வந்த பிறகுதான் பேர். பேரைச் சொல்லும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. ஏட்டின்படி கண்டுபிடித்தவர் நம் இயக்குநர்.

தன் பேரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதில் ஒரு விதி உண்டு. அந்த விதி மட்டும் இல்லாவிட்டால் மனுஷர் தன் பேரோடு தாத்தா பேரையும் கொள்ளுத்தாத்தா பேரையும் சேர்த்துத்தான் வைத்திருப்பார். வேறு வழியில்லாததால் பெருந்தன்மை பொங்கிவிட்டது. அறையில் இருந்த ஏழு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“அளந்தது நீங்கதானே மேடம். இன்னும் ஏழு மாசத்துல ரிட்டயர் ஆகப்போறீங்க. உங்க பேரையே வெச்சுடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.”

சொல்லிவிட்டு அவளுடைய வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துப் பொத்தினார். உள்ளங்கை ஈரம். விட மனசில்லாதவர் போலப் பிடித்துக்கொண்டே இருந்தார். மற்ற நாளாக இருந்தால் அந்தக் கையை அவள் வெந்நீரில் முக்கியிருப்பாள். அன்று அவள் குழாயடிக்குப் போகவில்லை. சாப்பாட்டு நேரம் வரைக்கும் போகவில்லை. அவ்வளவு சந்தோஷம், அதை ஏன் மறைக்க வேண்டும்?

அந்தப் பாறை கிடைத்த கதையைச் சொல்கிறேன். சொல்லும்போதே எனக்கு வாய் கசக்கிறது, இருந்தாலும் சொல்லாமல் தீராது.

அந்தக் காலத்தில் இரவுக்கு ஆறேழு தட்டு எடுப்பார்கள். தொலைநோக்கி இருக்கிற உருண்டைக் கூரை அறையில் கணப்பு வைக்கக் கூடாது, சூடான காற்று எழுந்தால் நட்சத்திரம் நடுங்கும். அந்தக் குளிரில் ஓர் ஆள் சின்னத் துணைக்குழாயில் கண்ணை வைத்து, ஒரே ஒரு நட்சத்திரத்தை, அந்தக் குழாய்க்குள் குறுக்காகக் கட்டிய இரண்டு நூல்கள் சந்திக்கிற இடத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும். அது நகர்ந்தால் பொத்தானை அழுத்தித் தொலைநோக்கியைத் திருத்த வேண்டும். ஒரு தட்டுக்கு நாற்பது நிமிஷம். நடுவில் எழுந்திருக்கக் கூடாது, எதற்காகவும் கூடாது. அதற்காக ஆந்தை காலடியில் ஒரு பாட்டில் வைத்திருந்தார். எதற்கென்று விளக்க வேண்டியதில்லை.

காலை எட்டு மணிக்கு அவர் தட்டுகளைக் கொண்டுவருவார். காலில் சாக்குத் துணி சுற்றியிருக்கும். மேலே ஈரக் கம்பளி வாடை, அதற்கு மேலே தட்டு கழுவும் மருந்தின் நெடி, எல்லாவற்றுக்கும் மேலே இருமல். கொட்டுவதற்கு எடுத்துப்போகிற பாட்டிலைச் சில நாள் அளவு அறை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வருவார். சோப்பம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மற்ற கையை நீட்டித் தட்டை வாங்குவாள். ஒரு நாளும் உட்காருங்கள் என்று சொன்னதில்லை. அவர் போனதும் ஜன்னலைத் திறந்துவைப்பாள்.

தட்டுகளைப் பார்ப்பதற்கு ஓர் இயந்திரம் உண்டு. ஒரே இடத்தை இரண்டு நேரத்தில் எடுத்த இரண்டு தட்டுகளை அதில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பாள். ஒரு பிடியைத் தட்டினால் கண்ணுக்கு முதல் தட்டு தெரியும், மறுபடி தட்டினால் இரண்டாவது. நட்சத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். நகர்கிற பொருள் மட்டும் குதிக்கும். பாறை கிடைத்த அன்றைக்கு இரண்டாவது தட்டைப் பார்த்ததுமே அவளுக்கு எரிச்சல் வந்தது. நட்சத்திரமெல்லாம் புள்ளியாக இல்லாமல் அரிசி அரிசியாக இழுபட்டிருந்தன. ஆந்தையை மனசுக்குள் நன்றாகத் திட்டிவிட்டு, தூக்கி எறிவதற்கு முன் சும்மா ஒரு தடவை பிடியைத் தட்டினாள். மூலையில் ஒன்று குதித்தது.

பதினொரு மணிக்கு அன்றைய டியூட்டி அதிகாரி வந்தார். இப்போது இயக்குநராக இருக்கிறாரே, அவரேதான். மூன்று நாளாக வெளியூரில் மச்சான் கல்யாணத்தில் இருந்துவிட்டு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். சட்டையெல்லாம் சென்ட் வாடை, கண்ணெல்லாம் தூக்கம். குனிந்துகூடப் பார்க்கவில்லை. நின்ற நிலையிலேயே எட்டிப் பார்த்துவிட்டு, தூசி, துடைத்துவிடுங்கள் என்றார். அவள் துடைக்கவில்லை. நேரத்தையும் இடத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, அடுத்த வாரம் எங்கே இருக்கும் என்று குறித்துக் கொடுத்தாள். சொன்ன இடத்தில் அது இருந்தது. தூசி தூசியில்லை என்று தெரிந்ததும் அதிகாரிக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

உலகத்துக்கெல்லாம் பொதுவான அலுவலகம் ஒன்றுக்கு இதையெல்லாம் படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். அதில் ‘அளந்தவர்’ என்று ஒரு கட்டம், ‘நோக்கியவர்’ என்று ஒரு கட்டம். கண்டுபிடித்த பெருமை இரண்டாவது கட்டத்தில் இருப்பவருக்குப் போகும். அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ராத்திரி யார் கண்ணை வைத்துக்கொண்டிருந்தார் என்று எவரும் கேட்க மாட்டார்கள். மாதாந்திர டியூட்டி பட்டியலைப் பார்த்து, அந்தத் தேதிக்கு நேரே எந்த அதிகாரியின் பேர் இருக்கிறதோ அதை எழுதிவிடுவார்கள். உதவியாளர் பேர் அந்தக் கட்டத்துக்குள் ஒரு நாளும் நுழைந்ததில்லை. அதிகாரி ஓய்வறையில் படுத்துத் தூங்கியிருந்தாலும், நிலையத்துக்குள் இருந்தார் என்று ஒரு சமாதானமாவது இருக்கும். இந்தத் தடவை அதிகாரி ஊரிலேயே இல்லை. அது அவளுக்குத் தெரியும்.

பேனா அந்தக் கட்டத்தின் மேல் ஒரு நிமிஷம் நின்றது. பின்னாலிருந்து சென்ட் வாடையோடு குரல் வந்தது, எப்போதும் போலத்தான் என்று. அவள் எழுதினாள். அவளுடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், படிவமே அழகாகிவிட்டது. எழுதிவிட்டுக் கை கழுவினாள். அவ்வளவுதான் விஷயம்.

இருபத்திரண்டு வருஷம் கழித்து, அந்தப் பாறைக்குத்தான் அவள் பேர் வைக்கப்போகிறார்கள்.

சோப்பம்மா கல்யாணம் செய்துகொள்ளாதவள். அக்கா வீட்டு மாடியில் ஓர் அறையில் இருந்தாள். செய்தியைச் சொன்னதும் வீடு ரெண்டுபட்டது. பேருந்துப் பணிமனையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற அத்தான், அன்று சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டுப் பேருக்குப் போன் போட்டார். பேர் பதினாறு எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். போதாதா? அப்பா பேர் சேர்ந்துதான் வர வேண்டும் என்று அத்தான், அப்பா என்ன கிழித்தார், அம்மா பேரைப் போடு என்று அக்கா. ராத்திரி சாப்பாடு ஆறிப்போகும் வரை காகிதத்தில் எழுத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அக்காவுடைய சம்பந்தியம்மாள் ஒருத்தி உண்டு. கல்யாணமாகாதவள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவள், ஒரு விசேஷத்துக்கும் இவளைக் கூப்பிட்டதில்லை. அந்த அம்மாள் போனில் தேனாக உருகினாள். நம்ம வீட்டுப் பொண்ணு என்றாள்.

கேட்கவே கூசியது. ஆனால் அவள் போனை வைக்கவில்லை. முழுசாகக் கேட்டாள். அப்புறம் மாடிக்குப் போய், மின்சார ரசீதின் பின்பக்கத்தில் பாறையின் எண்ணை எழுதி, பக்கத்தில் தன் பேரை எழுதிப் பார்த்தாள். ரொம்ப நன்றாக இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என்ன வேலை இது என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தாளில் எழுதிப் பார்த்தாள்.

புதன்கிழமை இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். பேரோடு சேர்த்து நாலைந்து வரியில் ஒரு குறிப்பும் போக வேண்டும், உங்களைப் பற்றி நீங்களே நல்லதாக எழுதிக் கொடுங்கள் என்றார். அதோடு, வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், கண்டுபிடித்த கதையைச் சொல்ல வேண்டும், பேச்சைத் தயார் செய்திருக்கிறேன், கேளுங்கள் என்று வாசித்துக் காட்டினார். கேட்டாள். பனி கொட்டிய இரவாம். விரல்கள் மரத்துப்போயினவாம். கண்ணிமைகூடத் தட்டாமல் அந்த ஒற்றை நட்சத்திரத்தை அவர் பிடித்து வைத்திருந்தாராம். பசியை மறந்தாராம். வாசிக்கிறபோது அவருடைய குரல் நிஜமாகவே தழுதழுத்தது. பொய் சொல்கிறவனைச் சகித்துக்கொள்ளலாம், தன் பொய்யைக் கேட்டுத் தானே கண் கலங்குகிறவனை என்ன செய்வது?

வாசித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்.

“நேரம் மட்டும் சரியா இருக்கணும் மேடம். ரெண்டாவது தட்டை நான் எத்தனை மணிக்குத் தொறந்தேன், எத்தனை மணிக்கு மூடினேன்னு பழைய பதிவேட்டுல பார்த்துச் சொல்லுங்க.”

முகத்தில் ஒரு சின்ன வெட்கம்கூட இல்லை. அவருக்கு அது நடந்ததாகவே ஆகிவிட்டது போலிருக்கிறது.

பழைய இரவுப் பதிவேடுகள் கீழ்த்தளத்து அறையில் கிடந்தன. சுவரெல்லாம் ஓதம், அட்டைகளில் பூஞ்சை, தரையில் எலிப்புழுக்கை. கையுறை போட்டுக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி தேடினாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பதிவேடுகளைத் திறந்து பார்த்ததே இல்லை. தட்டோடு வரும் துண்டுச் சீட்டில் திறந்த நேரமும் மூடிய நேரமும் இருக்கும், அளப்பதற்கு அது போதும். ஆந்தை கையால் எழுதிய புத்தகத்தை எவள் தொடுவாள்?

தேதியைக் கண்டுபிடித்தாள். பக்கத்தில் ஏதோ சிந்திக் காய்ந்த கறை. கறைக்குக் கீழே கோணல்மாணலாக ஆந்தையின் எழுத்து.

“இரண்டாம் தட்டு. திறந்தது 12.30. மூட வேண்டியது 1.10. மூடியது 1.40. நடுவில் தூங்கிவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நட்சத்திரங்கள் இழுபட்டிருக்கும். தப்பு என்னுடையது. அதிகாரி வரவில்லை.”

அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அதன் மேல் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

அவள் கணக்கு தெரிந்தவள். அந்த மனுஷர் சீட்டில் 1.10 என்று எழுதியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? இழுபட்டதற்குக் காற்று என்று சொல்லியிருக்கலாம். அப்படி எழுதியிருந்தால் இரண்டு தட்டுக்கும் நடுவில் போன நேரம் தப்பாகியிருக்கும், கல்லின் வேகம் தப்பாகியிருக்கும், அடுத்த வாரம் அவள் குறித்துக் கொடுத்த இடத்தில் ஒன்றுமே இருந்திருக்காது. தூசி என்று துடைத்திருப்பார்கள். தன் வேலைக்கே உலை வைக்கக்கூடிய அந்த அரைமணி நேரத்தை ஒருவர் ஒளிக்காமல் எழுதியதால்தான் பாறை கிடைத்தது. காலில் சாக்குச் சுற்றினவர், பாட்டிலோடு உட்கார்ந்திருந்தவர், அவர் உள்ளதை எழுதியிருக்கிறார். கையுறை போட்டுக்கொண்டு, சோப்புப் போட்டுக் கழுவின கையால் பொய் எழுதினவள் அவள்.

அவளுக்கு உலகத்தில் எத்தனையோ விஷயம் குமட்டியிருக்கிறது. தன்னை நினைத்துக் குமட்டியது அன்றுதான். ஓரத்துக்குப் போய் நிஜமாகவே வாந்தி எடுத்தாள்.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நேராக இயக்குநரிடம் போனாள். அவர் மேஜையில் பழம் நறுக்கி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மோவாயில் சாறு வழிந்தது. விரலை நாக்கில் வைத்து எச்சில் தொட்டு, அந்தப் பக்கத்தைப் புரட்டி முன்னும் பின்னும் பார்த்தார். அவருக்கு அதிர்ச்சி எதுவும் இல்லை, சிரித்தார். எல்லா நிலையத்திலும் நடக்கிறதுதான் என்றார். கூலிக்குப் பொத்தானை அழுத்துகிறவனெல்லாம் கண்டுபிடிப்பாளனா என்று கேட்டார். அப்புறம் விரலை அந்த வரியின் மேலேயே வைத்தார்.

“தூங்கினவன் மேடம். அவனே எழுதி வெச்சிருக்கான். தூங்கினவனுக்கா பேர் வாங்கித் தரப்போறீங்க?”

நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவர் இன்னும் நிதானமாகச் சொன்னார். படிவத்தில் இருக்கிற கையெழுத்து தன்னுடையது இல்லை, அவளுடையது. கடிதம் போட்டால் முதலில் நாறுவது அவள். பேர் வைக்கிற பேச்சும் அதோடு போய்விடும். யோசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்து வாயில் போட்டார். பழத்தின் சாறு ஒரு சொட்டு ஆந்தையின் எழுத்தின் மேல் விழுந்தது. அவள் பதிவேட்டை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் சொன்னபோது அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார், முப்பத்தெட்டுப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டுமே. அக்கா அழவில்லை, கோபப்பட்டாள். அக்கா கேட்ட கேள்வி நியாயமான கேள்வி.

“இருபத்திரண்டு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு, உனக்குன்னு ஒண்ணு வர்றப்ப மட்டும் ஏண்டி இப்படிப் பண்றே?”

தனக்கென்று வந்ததால்தான் அந்தப் பக்கத்தைத் திறக்க நேர்ந்தது, வராமல் இருந்திருந்தால் சாகும் வரை திறந்திருக்க மாட்டாள் என்பது அவளுக்கே தெரியும். அதைச் சொன்னால் இன்னும் அசிங்கம். மாடிக்குப் போய் எழுத உட்கார்ந்தாள்.

பெயர் சூட்டும் குழுவுக்கு இரண்டு பக்கம் எழுதினாள். அந்த இரவில் தொலைநோக்கியில் இருந்தது உதவியாளர் மட்டும்தான், அதிகாரி ஊரில் இல்லை, படிவத்தில் இருப்பது தப்பு, கண்டுபிடிப்பு உதவியாளரைச் சேர வேண்டும், தன் பேரை வைக்கும் முன்மொழிவை ஏற்க வேண்டாம். பதிவேட்டிலிருந்து திறந்த நேரம், மூடிய நேரம், அதிகாரி வரவில்லை என்ற குறிப்பு, எல்லாவற்றையும் எடுத்து எழுதினாள். தூங்கிவிட்டேன் என்ற வரியை மட்டும் விட்டுவிட்டாள். இயக்குநர் விரல் வைத்த இடம் அது. அந்த ஒரு வரி கிடைத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டே கிழவரை மண்ணைக் கவ்வ வைத்துவிடுவார்கள். படித்துச் சரிபார்த்தவர் என்று ஆந்தையும் ஒரு கையெழுத்துப் போட்டால் கடிதத்துக்கு வலு வரும் என்று நினைத்து, வியாழக்கிழமை மத்தியானம் விடுப்புப் போட்டுவிட்டு அவரைத் தேடிப் போனாள்.

அவர் மகள் சலவைக் கடை வைத்திருந்தாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. நீராவியும் கஞ்சி வாசனையும் நிறைந்த அறையில், துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு ஆந்தை உட்கார்ந்திருந்தார். முகம் மழுமழுவென்று சவரம் செய்திருந்தது. நுரையீரல்தான் போய்விட்டது, நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினார். வேர்த்து வழிந்துகொண்டு நின்றது அவள்தான். அவளைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார். உட்காருங்கள் என்றார். மகளைக் கூப்பிட்டு நாற்காலியைத் துடைத்துப் போடச் சொன்னார். அந்த அம்மாளுக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகவே சொன்னார். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னாள். படிவத்தில் வேறு பேர் எழுதியதையும் சொன்னாள். தன் பேர் அந்தக் கட்டத்தில் வராது என்று அவருக்கு எப்போதும் தெரியும். காலியாக விட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் நிலையத்தின் பேரைப் போட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தாராம். ஊரில் இல்லாத ஆளின் பேரை அவள் எழுதியிருப்பாள் என்று தோன்றவே இல்லையாம்.

“நீங்க மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் என்கிட்ட தட்டு வாங்குவீங்க. வலிக்கும். ஆனா வீட்டுல வந்து சொல்லுவேன், அந்தம்மா அப்படித்தான், அவங்க எழுதுறதுலயும் ஒரு அழுக்கு இருக்காதுன்னு.”

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கைப்பையைத் திறந்து கடிதத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக, விரலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தார். இரண்டு பக்கத்துக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. முன்பக்கத்தில் மகள் இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போடுவார் என்று அவள் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருந்தாள். அவர் பேனாவை வாங்கவில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், எதையோ தேடினார்.

“நான் தூங்கினேனே, அது எங்க?”

“அதை விட்டுட்டேன் அண்ணே. அதை வெச்சே உங்களைத் தள்ளிவிட்டுடுவாங்க. உங்களுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காம போயிடும்.”

முப்பத்தோரு வருஷத்தில் அவரை அவள் அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மூச்சு அடங்கட்டும் என்று காத்திருந்தார்.

“அன்னைக்கு அவருக்காக எழுதினீங்க. இன்னைக்கு எனக்காக எழுதுறீங்க. கை அதே கைதானே அம்மா?”

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. முகத்தில் கோபமே இல்லை. கெட்டுப்போன பண்டத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பவருடைய முகம் இருக்குமே, அந்த முகம். இருபது வருஷமாக, காலை எட்டு மணிக்கு, அவள் இந்த மனுஷருக்குக் காட்டிய முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவள் அப்போதுதான் பார்த்தாள்.

கடிதத்தை இரண்டாகக் கிழித்தாள். மகளிடம் வெள்ளைத் தாள் வாங்கிக்கொண்டு, துணி மடிக்கிற மேஜையில் ஓரமாக இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்து, முதலிலிருந்து எழுதினாள். பதிவேட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, உதவியாளர் எழுதிய ஒன்பது வாக்கியத்தையும் ஓர் எழுத்து மாறாமல் எழுதினாள். தூங்கியதை எழுதினாள். தட்டு இழுபட்டதை எழுதினாள். தன்னைப் பற்றி எழுத வேண்டிய இடம் வந்தது. முந்திய கடிதத்தில் ‘படிவத்தில் தவறு நேர்ந்துவிட்டது’ என்று எழுதியிருந்தாள். தவறு தானாக வந்து நேர்ந்த மாதிரி, அவள் எங்கோ தள்ளி நின்று பார்த்த மாதிரி. அதைத் திரும்ப எழுதாமல் வேறு ஒரு வாக்கியம் எழுதினாள்.

எழுதி முடித்ததும், கண் வலிக்கிறது, நீங்களே படியுங்கள் என்றார் ஆந்தை. அவள் படித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூடிய நேரத்தை ஒன்று முப்பது என்று தப்பாகப் படித்துவிட்டாள், ஒன்று நாற்பது என்று திருத்தினார். தூங்கிவிட்டேன் என்ற வரி வந்தபோது தலையை ஆட்டினார். அடுத்து அவளுடைய வாக்கியம். அதற்கு முன்னால் அவள் குரல் நின்றுவிட்டது. முன்பக்கத்தில் மகளும் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டாள். பரவாயில்லை, அதை விடுங்கள் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றிருந்தது. அவர் சொல்லவில்லை. கண்ணைத் திறக்காமல், மூச்சு வாங்கிக்கொண்டு காத்திருந்தார்.

“‘நோக்கியவர் என்ற கட்டத்தில், பொய்யென்று தெரிந்தே அந்தப் பேரை எழுதியவள் நான்’” என்று அவள் படித்தாள்.

அவர் கையை நீட்டிப் பேனாவைக் கேட்டார்.